தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் ஆவணங்களும் அவற்றை ஒழுங்குபடுத்தும் முறையும்: தஞ்சோங் கிளிங் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் அரசாங்க ஏடுகளின் துணைகொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் பற்றிய நூலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இல் வெளியிட்ட மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூலும் இத்துறைக்கு அடித்தளமிட்டவை. குடியேற்ற அறிக்கைகள், தொழிலிலாகாவின் ஆண்டறிக்கைகள், மக்கள்தொகைக் கணக்குகள் ஆகியவையே அவற்றின் முதன்மைச் சான்றுகள். அச்சான்றுகளுள் தமிழர் எண்ணிக்கையாக வருகின்றனர். பெயரோடு வருவது அரிது. இன்ன ஆண்டில் இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் திரும்பினர், இத்தனை பேர் காய்ச்சலில் மாண்டனர் என்று அறியலாம். வந்தவர் யார், எவரோடு வந்தார், யாரை விட்டு வந்தார் என்பதை அறிய அவை உதவா.

இவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல தாள்கள் இன்று பெரும்பாலும் வீடுகளில்தாம் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகர்ப்புறத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்த பின்னர், ஒவ்வொரு பெயர்ச்சியின்போதும் அத்தாள்களிற் சில குறைந்துவந்துள்ளன. எஞ்சியவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இது வெறும் கோப்பு அடுக்கும் வேலை அன்று. ஒழுங்குபடுத்தும் முறை பிழைபடின் வரலாறே பிழைபடும் என்பதையும், மேலைநாட்டார் தம் குடும்ப அமைப்பிற்கேற்ப வகுத்த முறைகள் நமக்கு அப்படியே பொருந்தா என்பதையும் மலாக்கா மாநிலத்தின் சூழலைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

இடமும் இரு அடுக்குகளும்

தஞ்சோங் கிளிங் மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலோரமாக அமைந்த ஊர். ‘தஞ்சோங்’ எனும் மலாய்ச் சொல் கடல்முனையைக் குறிக்கும். ‘கிளிங்’ என்பது கலிங்கம் என்னும் பெயரின் வழிவந்து, தென்னிந்தியர் அனைவரையும் சுட்டும் சொல்லாய்ப் பழைய மலாய் நூல்களில் வழங்கியது. பிற்காலத்தில் அச்சொல் இழிபொருள் ஏற்றமையால் இன்று நம்மவர் அதனைக் கேட்க விரும்புவதில்லை. ஊர்ப்பெயரில் மட்டும் அது பழம்பொருளோடு தங்கிவிட்டது. நகரில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரும் இத்தகையதே.

இப்பெயரைக் கண்டதும் இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் சுல்தான்கள் காலத்திலேயே வேரூன்றியவை என்று கூறத் தோன்றும். அவ்வாறு கூறுவோரை நாம் பலமுறை சந்தித்துள்ளோம். ஆனால் மலாக்காவில் தமிழர் குடியேற்றம் இரு வேறு அடுக்குகளைக் கொண்டது. முதலாவது வணிகர் அடுக்கு. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின் தென்னிந்தியர்க்குத் தலைவராய் அமர்த்திய, நைனா செட்டு என அறியப்படும் வணிகர் இவ்வடுக்கைச் சார்ந்தவர். காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் இதன் வழித்தோன்றல்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், 1822இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயமும் அவர்களுடையவை.

இரண்டாவது தோட்ட அடுக்கு. 1896இல் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டமாக அது கருதப்படுகிறது. பின்னர் அவரே புக்கிட் அசகானில் பெரும்பரப்பில் பயிரிட்டார். பால்மரம் பரவப் பரவ, அதற்குத் தேவையான தொழிலாளர் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர்.

குடும்ப வரலாறு தேடுவோர் தாம் எவ்வடுக்கைச் சார்ந்தவர் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். ஏனெனில் இரண்டிற்கும் சான்றுகள் வேறு, பெயரிடும் முறை வேறு. மலாக்கா செட்டிகள் பிள்ளை, செட்டி, நாயக்கர் முதலிய பெயர்களைத் தலைமுறை தலைமுறையாய்க் குடும்பப் பெயராகவே தாங்கிவந்துள்ளனர். போகியன்று மூதாதையர்க்குப் படைக்கும் வழக்கமும் அவர்களிடம் வழுவாது நிற்கிறது. தோட்டத்து மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. மூதாதையர் வழிபாட்டிற்குரிய குலதெய்வக் கோயிலோ கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. இக்கட்டுரை இவ்விரண்டாம் அடுக்கினரைப் பற்றியதே.

கங்காணி முறையும் சான்றின் வறுமையும்

ஒப்பந்த முறையில் நேட்டாலுக்கும் பிஜிக்கும் சென்ற தமிழர்க்கு ஒரு வகையில் நற்பேறு வாய்த்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட 152,184 பேருக்கும் தனித்தனி எண் இடப்பட்டது. கப்பற்பட்டியலில் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, சிற்றூர், வட்டம் ஆகியன பதியப்பட்டன. பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடுகள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றன. நேட்டால் தமிழர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனின் எண்ணை அறிவாராயின் அவர்தம் ஊரையும் அறியலாம்.

மலாயாவின் நிலை வேறு. ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே கங்காணி முறை ஓங்கிவிட்டது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று, தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்கே சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி, கிராம முன்சீப்பின் சான்று பெற்று, ஆவடி அல்லது நாகப்பட்டின முகாமிற்கு அழைத்துச் சென்றான். அவ்வாறு வந்தவர் சட்டப்படி ‘சுதந்திர’த் தொழிலாளர். சுதந்திரமாக வந்தவர்க்கு ஒப்பந்தச் சீட்டு தேவையில்லை. ஆகவே ஒப்பந்தக்காரர்க்கு எழுதப்பட்டதுபோல் ஆளுக்கொரு விரிவான பதிவும் ஏற்படவில்லை. 1938இல் இந்திய அரசு இவ்வகைக் குடிபெயர்வைத் தடைசெய்தது. அதுவரை வந்த இலட்சக்கணக்கானோரைப் பற்றி நமக்குக் கிடைப்பன தொகைகளே.

மறுபுறம், கங்காணி முறை தன்னையறியாமலே ஒரு சான்றை விட்டுச்சென்றது. ஒரே லயத்தில் குடியிருந்தோர் பெரும்பாலும் ஒரே கங்காணியின் ஆட்கள். ஒரே கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஊரினர் அல்லது அடுத்தடுத்த ஊரினர். தன் பாட்டனின் ஊர் தெரியாதவர், அண்டை வீட்டாரின் பாட்டனின் ஊரை அறிந்தால் பாதித் தொலைவு கடந்தவராவார். ஆதலால் தோட்டத்துத் தமிழரின் வரலாற்றைத் தனிக்குடும்பமாய்ப் பிரித்துத் தேடுதல் பயன் குறைந்தது என்பது எமது கருத்து. தோட்டம், கங்காணி, சொந்த ஊர் ஆகிய மூன்றும் ஒவ்வொரு குடும்பக் கோப்பின் முகப்பிலும் எழுதப்பட வேண்டும். இவற்றுள் கங்காணியின் பெயரே பெரும்பாலும் விடுபடுகிறது. கங்காணியை நினைத்துப் பார்க்க விரும்பாத முதியோர் உளர். அவ்விருப்பமின்மைக்குப் போதிய காரணமும் உண்டு. ஆயினும் கேட்டே ஆகவேண்டும்.

தோட்டத்து அலுவலகங்களில் செக்ரோல் எனப்பட்ட நாட்சம்பளப் பேரேடு இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கூப்பிட்ட பெயர்கள் யாவும் அதில் இருந்தன. ஜப்பானியர் ஆட்சியிலும் அதன்பின் 1950களில் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோதும் அப்பேரேடுகளைக் காக்க வேண்டுமென்ற எண்ணம் பெரிதாக எழவில்லை. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அஜிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையினர் ஆராய்ந்தனர். நிலத்திற்கும் வேலைக்கும் நேர்ந்ததை அவ்வாய்வு கூறும். கிராணியின் அலமாரிக்கு நேர்ந்ததை எவரும் ஆராயவில்லை. ஆரிசன்ஸ் அண்டு குரோசுபீல்டு போன்ற பெருநிறுவனங்களின் ஏடுகள் இலண்டன் மாநகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆயின் அவை முதலீட்டின் பொருட்டு எழுதப்பட்டவை. பால்வெட்டுத் தொழிலாளியின் தந்தை பெயரை அவற்றுள் தேடிச் செல்வோர் ஏமாற்றமடைவர்.

பெட்டியின் ஒழுங்கு

எனவே எஞ்சுவது வீட்டுப் பெட்டி. டிரங்குப் பெட்டியாகவோ, பிஸ்கட் டின்னாகவோ, சாமி மேடைக்குக் கீழுள்ள துணிப்பொட்டலமாகவோ அது இருக்கும். பிறப்புப் பத்திரம், சிவப்பு அல்லது நீல அடையாள அட்டை, ஊழியர் சேமநிதிக் கடிதம், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தாச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், பணவிடைச் சீட்டு, தோட்டத்து மாரியம்மன் திருவிழா அறிக்கை, கருமாதிப் பத்திரிகை, ஜாதகம், புகைப்படம் என இவற்றுள் சில எவ்வீட்டிலும் கிடைக்கும்.

இப்பெட்டியைத் திறந்தவுடன் அனைவரும் செய்யும் முதற்காரியம் தாள்களை வகைபிரித்தல். பத்திரங்கள் ஒருபுறம், கடிதங்கள் ஒருபுறம், படங்கள் ஒருபுறம். இதுவே தவிர்க்க வேண்டிய காரியம். இவ்வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு குடும்பத்தில் மூதாட்டி ஒருவர் ஊர்க்கடிதங்களைப் பணவிடைச் சீட்டுகளோடு சேர்த்து நூலால் கட்டி வைத்திருந்தார். கற்றறிந்த மகன் நன்னோக்கத்தோடு அக்கட்டுகளைப் பிரித்துக் கடிதங்களை ஒரு கோப்பிலும் சீட்டுகளை மற்றொரு கோப்பிலும் ஆண்டு வரிசையில் அழகுற அடுக்கினார். கடிதங்களில் கையொப்பமாக ‘உன் அண்ணன்’ என்று மட்டுமே இருந்தது. சீட்டுகளில் மூவர் பெயர்கள் இருந்தன. எக்கடிதம் எச்சீட்டோடு கிடந்தது என்பதைக் கொண்டு அவ்வண்ணன் யாரென அறிந்திருக்கலாம். அந்நூல் அவிழ்ந்தபின் அதற்கு வழியில்லை. மூதாட்டியும் காலமாகிவிட்டார்.

ஆவணவியலார் இதனை நெடுங்காலமாக அறிவர். ஓரிடத்திலிருந்து வந்த ஆவணங்களை அவ்விடத்தின் பெயராலேயே ஒன்றாக வைத்தல் வேண்டும் என்ற விதி 1841இல் பிரான்சில் வகுக்கப்பட்டது. 1898இல் டச்சு ஆவணவியலார் மூவர் எழுதிய கையேடு, உள்வரிசையும் கலைக்கப்படலாகாது என்பதை வலியுறுத்தியது. அரசுத் துறைகளுக்காக வகுத்த இவ்விதி ஒரு பிஸ்கட் டின்னுக்கும் பொருந்தும். பெட்டியைத் திறந்த நிலையில் ஒரு படம் எடுத்தல், ஒவ்வோர் அடுக்கை எடுக்கும்போதும் மீண்டும் ஒரு படம் எடுத்தல், கட்டுக்கு ஓர் எண்ணும் கட்டினுள் தாளுக்கு ஓர் எண்ணும் மென்பென்சிலால் பின்புறத்தில் இடுதல் என்பன போதும். பொருள்வாரியாகப் பிரிக்க விரும்புவோர் பட்டியலில் பிரித்துக்கொள்ளலாம், தாளைப் பிரிக்கலாகாது. கணினி வந்தபின் ஒரே தாளைப் பத்து வகையில் தேடலாம் என்றிருக்க, கையால் வகைபிரிக்க முற்படுவது ஏனென்று விளங்கவில்லை.

தாள்களைப் பட்டியலிட்டபின் அவற்றிலுள்ள செய்திகளைத் தனியே எழுத வேண்டும். ஈண்டு ஒன்றை வற்புறுத்துவோம். ‘பாட்டனார் 1926இல் வந்தார்’ என்று எழுதுவது செய்தி அன்று. ‘பாட்டனார் 1926இல் வந்ததாக அவர்தம் இளைய மகள் இன்ன நாளில் கூறினார்’ என்பதே செய்தி. ராஜுலா கப்பல் கட்டப்பட்டது 1926இல். அக்கப்பலில் 1920இல் வந்ததாகக் குடும்பத்தார் கூறுவராயின், ஆண்டோ கப்பலோ பிழை. யார் கூறியது என்ற குறிப்பு இருந்தால்தான் எதனைத் திருத்துவது என்று எண்ணிப் பார்க்க முடியும். நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்களையெல்லாம் ராஜுலா என்றே கூறும் வழக்கம் நம் முதியோரிடையே உண்டு என்பதையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

பெயரும் உறவும்

மேலைநாட்டுக் குடும்ப வரலாற்று ஏடுகள் குடும்பப் பெயரை அகரவரிசையில் அடுக்குபவை. நம்மிடையே தந்தையின் பெயரே தலைப்பெழுத்து. கருப்பையாவின் மகன் முனியாண்டி, முனியாண்டியின் மகன் இராமசாமி, இராமசாமியின் மகள் இலட்சுமி என வருமிடத்து நான்கு தலைமுறையும் நான்கு வேறு எழுத்தின்கீழ்ச் சிதறும். மலாய் வழக்கில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று எழுதப்படுவன மகன், மகள் என்ற உறவுக் குறிகளே. அவற்றைப் பெயரின் பகுதியாகக் கொண்டு வரிசைப்படுத்திய பட்டியல்களும் உள. போதாக்குறைக்கு, பிறப்பைப் பதிந்த எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு உரோமன் எழுத்தில் எழுதினார். இலட்சுமி ‘லெட்சுமி’யானதும், அதுவே இன்று மலேசியத் தமிழரின் தனி அடையாளம் போலாகிவிட்டதும் யாவரும் அறிந்தவை. உடன்பிறந்த மூவரின் பத்திரங்களில் ஒரே தந்தையின் பெயர் மூன்று விதமாக இருப்பது வியப்பன்று.

ஆகவே பெயரைத் திருத்தாமல், பத்திரத்தில் உள்ளவாறே எழுதி, தமிழ் வடிவத்தை ஒருங்குறியில் தலைச்சொல்லாக வைத்து, ஏனைய வடிவங்களை அதன்கீழ்க் கொணர்தலே தக்கது. 1990களில் வேறு குறியீட்டு முறைகளில் தட்டெழுதப்பட்ட பட்டியல்கள் இன்று பொருளற்ற குறிகளாய்த் திரையில் தோன்றுகின்றன. அவற்றை இன்னும் வைத்திருப்போர், படிக்க வல்ல பழைய எழுத்துரு கையிலிருக்கும்போதே மாற்றிக்கொள்வது நன்று.

பெயரினும் சிக்கலானது உறவுமுறை. ஐரோப்பியரிடையே வழங்கும் மூதாதையர் எண்முறை எளிமையானது. தேடுபவர் 1, தந்தை 2, தாய் 3; எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, அதனோடு ஒன்று கூட்டினால் அவர் தாய். 1590இல் மிக்கேல் ஐட்சிங்கர் கையாண்ட இம்முறையே இன்றும் பல ஏடுகளில் பின்பற்றப்படுகிறது. இதனை நம் குடும்பத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். தந்தை தம் மாமன் மகளை மணந்திருப்பின், தந்தையின் தாயாகிய 5ஆம் எண்ணினரும் தாயின் தந்தையாகிய 6ஆம் எண்ணினரும் உடன்பிறந்தோர். அப்போது 10ஆம் எண்ணினரே 12ஆம் எண்ணினர். 11ஆம் எண்ணினரே 13ஆம் எண்ணினர். தந்தை தம் அக்காள் மகளை மணந்திருப்பின் நிலைமை இன்னும் வேடிக்கையானது. தாயின் தாயாகிய 7ஆம் எண்ணினர் தந்தையின் தமக்கை. ஆகவே 4ஆம் எண்ணினராகிய பாட்டனாரே 14ஆம் எண்ணினராகிய கொள்ளுப்பாட்டனாரும் ஆகிறார். ஒருவரே இரு தலைமுறையில் நிற்கிறார்.

இஃது அரிய நிகழ்ச்சி அன்று. நம் முறைமணத்தின் இயல்பு. இந்நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டமே, நெருங்கிய உறவினரிடையே மணத்தைத் தடுக்கும் பிரிவில், அக்காள் மகளை மணக்கும் இந்து வழக்கத்திற்கு விலக்கு அளித்துள்ளது. உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து 1871இல் நூல் வெளியிட்ட லூயிஸ் மார்கன் தமிழ்ச் சொற்களையும் அட்டவணையிட்டார். தாமசு டிராட்மன் 1981இல் வெளியிட்ட திராவிட உறவுமுறை பற்றிய நூலில் இவ்வமைப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. மானிடவியலார் இவ்வளவு எழுதியிருந்தும் குடும்ப வரலாற்றுப் படிவங்கள் நம்மைக் கருத்திற் கொள்ளவில்லை. எனவே ஆளுக்கு இடும் எண் தலைமுறையைச் சுட்டாத வெற்றெண்ணாக இருத்தல் வேண்டும். முதலில் பதியப்பட்டவர் 1, அடுத்தவர் 2. உறவை வேறு நிரலில், ‘இவர் அவர்க்குத் தாயின் தம்பி; கணவரும் ஆவார்’ என்று சொல்லால் எழுத வேண்டும். சொல்லும் தெளிவாக இருக்கவேண்டும். ‘மாமா’ என்பது தாயின் உடன்பிறந்தானையும் குறிக்கும், கணவனின் தந்தையையும் குறிக்கும், அடுத்த லயத்துப் பெரியவரையும் குறிக்கும். நேர்காணலில் அச்சொல் வருமிடமெல்லாம் ‘யாருக்கு யார்?’ என்று வினவுதல் தேவை. தமிழாசிரியர்களுக்கு இதனை நாம் கூறவேண்டியதில்லை.

காலமும் ஊரும்

ஜாதகத்திலும் பஞ்சாங்க ஓரத்திலும் எழுதப்பட்ட நாள்கள் தமிழாண்டுப் பெயரோடு காணப்படும். அறுபதாண்டுச் சுழற்சியாதலின் ‘ருத்ரோத்காரி’ 1923ஆகவும் இருக்கலாம், 1983ஆகவும் இருக்கலாம். தாளின் பழமையும் பிற குறிப்புகளும் எதுவென உணர்த்தும். பிழை நேர்வது பெரும்பாலும் வேறிடத்தில். ஆண்டு சித்திரையில் பிறப்பதால், சித்திரபானு ஆண்டுத் தை மாதம் என்பது 1943 ஜனவரியிற் தொடங்குவது, 1942 அன்று. ஜப்பானியர் காலத் தாள்களில் இன்னொரு குழப்பம் உண்டு. 2602, 2603 என்று அவற்றில் காணப்படும் எண்கள் பதிவெண்கள் அல்ல. ஜப்பானிய அரசமரபுக் கணக்கின்படியான ஆண்டுகள். 2602 என்பது 1942. பதிவெண் என்று கருதி ஆண்டில்லாத் தாளாக ஒதுக்கிவைக்கப்பட்ட இறப்புப் பத்திரம் ஒருவேளை குடும்பத்தின் மிக முக்கியமான தாளாக இருக்கக்கூடும்.

அக்காலத்தைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்க்குப் பெரும்பாலும் இறப்புப் பதிவு கிடையாது. படிவத்தில் இறந்த நாளுக்கு இடம் இருக்கிறது என்பதற்காக ‘1943’ என நிரப்பிவிடுதல் கூடாது. ‘சயாமுக்குச் சென்றவர், அதன்பின் செய்தியில்லை’ என்பதே பதிவு. சொல்பவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

ஊர்ப்பெயரில், பத்திரத்திலுள்ள மாவட்டத்தை இன்றைய மாவட்டமாக மாற்றி எழுதும் ஆசை பலர்க்கு உண்டு. மலாயாவுக்குப் பலரை அனுப்பிய நாமக்கல் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வட்டம் 1910இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்க்கப்பட்டது. 1929இல் மீண்டும் சேலத்தோடு இணைந்தது. 1997இல் தனி மாவட்டமாயிற்று. அண்ணன் பத்திரத்தில் திருச்சினாப்பள்ளி ஜில்லா, தம்பி பத்திரத்தில் சேலம் ஜில்லா என்றிருந்தால் இருவரும் வேறு ஊரினர் என்று முடிவு செய்துவிட முடியாது. மாறாக, மாவட்டப் பெயரைக் கொண்டே வந்த காலத்தை ஓரளவு உய்த்துணரலாம். உள்ளவாறே எழுதி வைத்தவர்க்கு மட்டுமே அவ்வாய்ப்பு.

தாளில் தொங்கும் குடியுரிமை

குடும்ப ஆவணம் என்றால் ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என்று கருதுவாரும் உளர். மலாக்காவைப் பொறுத்தவரை அக்கருத்து பொருந்தாது. பினாங்கும் மலாக்காவும் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளாய் நேரடிப் பிரித்தானிய ஆட்சியில் இருந்தமையால் அங்குப் பிறந்தவர் பிறப்பாலேயே பிரித்தானியக் குடிமக்கள். 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை, இவ்விரு பகுதிகளிற் பிறந்து கூட்டரசில் நிலையாக வாழ்ந்த அத்தகையோரைச் சட்டத்தின் இயக்கத்தாலேயே கூட்டரசுக் குடிமக்களாக ஏற்றது. எல்லைக்கு அப்பால் நெகிரி செம்பிலானிலோ ஜொகூரிலோ பிறந்த தமிழர்க்குக் கூடுதல் நிபந்தனைகள் இருந்தன. தோட்டத்துத் தொழிலாளர் வேலை தேடி மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே எளிதாகப் பெயர்ந்தவர்கள். அண்ணன் மலாக்கா மண்ணிற் பிறந்து, தம்பி ஒருசில கல் தொலைவிலுள்ள வேறு தோட்டத்திற் பிறந்திருப்பின், ஒரே தாய் வயிற்று மக்களுக்கு இரு வேறு நிலை. பிறந்த தோட்டத்தின் பெயர் எழுதிய ஒரு தாளே அவ்வேறுபாட்டின் சான்று.

அக்கதை 1957இல் முடிந்துவிடவில்லை. மேற்சுட்டிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், பதியப்படாத மணத்திற்குச் சட்ட மதிப்பில்லை. கோயிலில் தாலிகட்டிப் பதிவலுவலகம் செல்லாத பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையையே சார்ந்தது. தாய்க்கு உரிய ஆவணம் இல்லையெனில் பிள்ளைக்கும் இல்லை. தந்தை நீல அட்டை வைத்திருப்பது பயன்தராது. 2011இல் அரசாங்கம் ‘மைடாப்தார்’ என்னும் பெயரில் ஆவணமற்ற இந்தியர்க்கெனத் தனிப் பதிவு இயக்கம் நடத்த நேர்ந்தது இச்சிக்கலின் பரப்பைக் காட்டும். அத்தகைய தாய்க்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிறுவ உதவக்கூடியவை எவை? பாட்டியின் பிறப்புப் பத்திரம், தடுப்பூசிச் சீட்டு, தோட்டத்துப் பள்ளியின் சேர்க்கைப் பதிவு. பெட்டியிலுள்ள தாள்களுள் எது பயனற்றது என்பதை எவராலும் முன்கூட்டிக் கூற இயலாது.

அந்தரங்கமும் பேணலும்

பழைய தாள்களில் சாதிப்பெயர் இருக்கும். இருதாரம், தத்து, மணமின்றிச் சேர்ந்து வாழ்தல், குடித்துவிட்டுச் சிறை சென்றது யாவும் இருக்கும். அவற்றைக் கிழித்தெறிந்த குடும்பங்களும் சாதிப்பெயரை மை பூசி மறைத்த குடும்பங்களும் உண்டு. அவர்தம் உணர்வை மதிக்கிறோம். எனினும் அழித்தலுக்கும் வெளியிடாமைக்கும் வேறுபாடு உண்டு. உறையிலிட்டு, இன்னார் வாழ்நாள்வரை திறக்கலாகாது என எழுதி, பட்டியலில் எண்ணை மட்டும் குறித்துவைத்தல் போதுமானது. உயிரோடிருப்போரின் அடையாள அட்டை எண்கள் உறவினர்க்கு அனுப்பும் படிகளில் இடம்பெறலாகாது.

பேணும் முறை பற்றிச் சுருங்கக் கூறுவோம். நம் தட்பவெப்பத்தில் ஈரமும் இராமபாணப் பூச்சியும் கரையானும் பகைவர்கள். துருவேறும் குண்டூசியையும் தாள்கவ்வியையும் அகற்றிவிட வேண்டும். பிறப்புப் பத்திரத்தைக் கடையிற் கொடுத்துச் சூடேற்றி நெகிழித்தாளில் ஒட்டிவைக்கும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. அவ்வாறு ஒட்டியதைச் சேதமின்றிப் பிரிப்பது மிகக் கடினம். அமிலமற்ற உறை கிடைக்காவிடினும் ஓட்டாத பாலியெஸ்டர் உறையே மேல். மின்படி எடுத்தபின் மூலத்தை எறிவோரும் உளர். அவர்க்குக் கூற எம்மிடம் சொல் இல்லை.

படிகள் வேறு வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. இறப்பறிவிப்புகளுக்குத் தமிழ் நாளிதழ்கள் நல்ல துணை. 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களைக் குடும்பம்தோறும் வெட்டி வைத்துள்ளனர். வெட்டும்போது தேதியுள்ள மேற்பகுதியை விட்டுவிடுகின்றனர் என்பதே குறை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் எவரும் இலவசமாகத் தேடலாம். போருக்கு முன் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே குடியேற்ற ஆட்சியில் இருந்தமையால் நம் வட்டாரச் செய்திகளும் அதில் கிடைக்க வாய்ப்புண்டு.

இறுதியாகத் தமிழ்ப்பள்ளிகள். மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. புக்கிட் லிந்தாங், தெபோலாங் போன்றவை இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தஞ்சோங் கிளிங்கிற்கு அணித்தாய்ப் பாயா ரும்புட் பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், வாழ்ந்த தோட்டம், பள்ளியை விட்டகன்ற நாள் ஆகியன வரிசையாக இருக்கும். செக்ரோல் அழிந்த தோட்டத்திற்கு அதனையொத்த பெயர்ப்பட்டியல் இதுவே. பல பதிவேடுகள் தமிழில் எழுதப்பட்டவையாதலின் எழுத்தரின் உரோமன் குழப்பமும் அவற்றில் இல்லை. தலைமையாசிரியரின் இசைவு பெற்று, 1970க்கு முற்பட்ட பதிவேடுகளை மட்டுமேனும் பக்கம் பக்கமாகப் படமெடுப்பது ஓராசிரியரும் இரு மாணவர்களும் ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடிக்கக்கூடிய வேலை. பதிவேட்டின் முதுகுத் தையல் தளர்ந்திருப்பின் முழுவதும் விரித்து அழுத்தாமல், பாதி விரித்த நிலையில் இருபுறமும் தலையணை வைத்து எடுக்க வேண்டும்.